துட்டு கட்டியும் விளம்பரம் வருதா? இணைய வானொலிச் சந்தா எடுக்க முழு வழிகாட்டி

திருநெல்வேலி டவுனில் வாகையடி முக்குக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருத்தர் போன வருஷம் என் செல்போன் சர்வீஸ் கடைக்கு வந்து போனை மேசையில் பொத்தென்று போட்டார். "என்னடே, ஒரு வருசத்துக்குத் துட்டு கட்டியாச்சு, இன்னும் ஜவுளிக் கடைக்காரன் காதுக்குள்ள கத்திக்கிட்டே கெடக்கான்?" வாங்கிப் பார்த்தேன். சந்தா ஒழுங்காகத்தான் ஏறியிருந்தது. ஆப்பும் சொன்னதைச் செய்துகொண்டுதான் இருந்தது. அவரை எரிச்சல்படுத்திய விளம்பரம் அந்த ஆப் போட்டதே இல்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து பேருக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். தப்பு எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது: முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் என்ன வாங்கினோம் என்று பார்க்கிறார்கள். கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் நாலு விஷயம் வேண்டும். போனில் எந்த கூகுள் கணக்கு ஓடுகிறது, அதன் கடவுச்சொல் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். வங்கியில் பதிந்த சிம் அதே போனில் இருந்தால் நல்லது. ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும். அப்புறம் ஒரு துண்டுக் காகிதம், பேனா. காகிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள், முதல் படியே அதில்தான்.

1. விளம்பரம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

சந்தா என்பது யாரிடம் பணம் கட்டுகிறோமோ அவர் போடும் விளம்பரத்தை மட்டும்தான் எடுக்கும். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இணைய வானொலியில் விளம்பரம் நாலு இடத்தில் நுழைகிறது, நாலுக்கும் முதலாளி ஒருத்தர் இல்லை.

நிலையத்தின் பெயரைத் தொட்டதும், பாட்டு வருவதற்கு முன் ஓடுவது ஒன்று. அது அநேகமாக ஆப் போடுவது. இரண்டாவது, திரையின் அடியில் பட்டையாக வரும் படமும், முழுத் திரையை அடைத்துக்கொண்டு மூலையில் பொடிசாகப் பெருக்கல் குறி வைத்திருக்கும் படமும் ஆப்பினுடையவைதான். மூன்றாவது, அறிவிப்பாளர் பேசி முடித்ததும் நடுவில் வருவது. அது நிலையமே வானில் ஒலிபரப்புவது, இணையத்துக்கும் அப்படியே வந்து சேர்கிறது. நாலாவதுதான் குழப்பம் பிடித்தது: நிலையம் விளம்பர இடைவேளைக்குப் போகும்போது, இணையத்தில் கேட்பவருக்கு மட்டும் அந்த இடத்தில் வேறொரு விளம்பரத்தைச் சர்வரிலேயே ஒட்டி அனுப்புவது.

மூன்றையும் நாலையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தையல்கார அண்ணாச்சியிடம் பழைய எஃப்எம் பெட்டி ஒன்று இருந்தது. அவர் கேட்கும் உள்ளூர் எஃப்எம்மை அதில் வைத்து, அதே நிலையத்தைப் போனிலும் ஓடவிட்டோம். போன் பெட்டியை விடப் பிந்தித்தான் வரும், சில நொடியும் ஆகலாம், ஒரு நிமிஷம்கூட ஆகலாம். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கேட்டோம். பெட்டியில் வந்த ஜவுளிக் கடையே கொஞ்ச நேரத்தில் போனிலும் வந்தது. அப்படியென்றால் அது நிலையம் ஒலிபரப்பும் விளம்பரம், ஆப்பில் எவ்வளவு கட்டினாலும் போகாது. பெட்டியில் ஜவுளிக் கடை வந்த இடத்தில் போனில் சம்பந்தமே இல்லாத வேறு விளம்பரம் வந்திருந்தால், அது ஒட்டு விளம்பரம், நிலையமோ ஆப்போ அதற்குச் சந்தா வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

இப்போது காகிதத்தை எடுத்து நாலு கட்டம் போட்டு, ஒரு மணி நேரத்தில் எந்த வகை எத்தனை தடவை வந்தது என்று கோடு போடுங்கள். அண்ணாச்சியின் காகிதத்தில் முதல் கட்டத்தில் இரண்டு கோடு, மூன்றாம் கட்டத்தில் பதினாலு. அவர் ஒரு வருஷப் பணம் கட்டியது அந்த இரண்டு கோட்டுக்கு.

2. எந்த வகைச் சந்தா என்று முடிவு செய்யுங்கள்

பல நாட்டு நிலையங்களை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் ஆப்களை நான் கதம்ப ஆப் என்று சொல்வேன். டியூன்இன், ரேடியோ.நெட் இரண்டும் இந்த ரகம். கதம்பம் கட்டுகிறவர் பூவை வளர்ப்பதில்லை, அதுபோல இவர்கள் பெரும்பாலும் நிகழ்ச்சி தயாரிப்பதில்லை, நிலையங்களின் இணைப்பைத் தொகுத்துத் தருகிறார்கள். அதனால் இவர்களுக்குக் கட்டும் பணம் பட்டைப் படத்தையும் தொடக்க விளம்பரத்தையும் எடுக்கும், நிலையம் தன் ஒலியிலேயே வைத்திருப்பதை அநேகமாக எடுக்காது. சந்தாப் பக்கத்தில் 'விளம்பரமில்லை' என்று பெரிய எழுத்தில் இருக்கும், இந்த விவரம் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அந்தச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும்.

அடுத்தது தானே ஒலிபரப்பி, தானே சந்தா விற்கும் நிலையங்கள். டிஐ.எஃப்எம் என்ற மின்னிசை வானொலி நல்ல உதாரணம். இலவசமாகக் கேட்டால் பாட்டுக்கு நடுவே விளம்பரம் வரும். சந்தா கட்டினால் விளம்பரமே இல்லாத தனி ஓடை (ஸ்ட்ரீம்) கிடைக்கும், 320 கேபிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு டேட்டா வருகிறது என்ற அளவு) வரை தரமும் கூடும். அதே சந்தா ஜாஸ்ரேடியோ, கிளாசிக்கல்ரேடியோ, ராக்ரேடியோ, ஜென்ரேடியோ, ரேடியோட்யூன்ஸ் என்று அவர்களுடைய மற்ற தளங்களுக்கும் செல்லும். 'விளம்பரமில்லை' என்ற சொல் முழு அர்த்தத்தோடு இருப்பது இந்த ரகத்தில்தான். ஆனால் இங்கே தமிழ்ப் பாட்டைத் தேடினால் ஏமாற்றம்தான்.

மூன்றாவது, யாருக்குமே விளம்பரம் போடாமல் நேயர்கள் தரும் பணத்தில் ஓடுபவை. அமெரிக்காவிலிருந்து வரும் சோமாஎஃப்எம், ரேடியோ பாரடைஸ் இரண்டும் அப்படி. இவற்றில் கட்டுவது நன்கொடை. கட்டாவிட்டாலும் விளம்பரம் வராது. 'விளம்பரத்தை எடுக்கக் கட்டினேன்' என்று ஒரு தம்பி சொன்னபோது சிரிப்பு வந்தது, இல்லாததை எடுக்கவா கட்டினாய் என்று கேட்டேன்.

ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவற்றின் பிரீமியம் சந்தா இந்தக் கணக்கில் சேராது. அவை அந்தந்த ஆப்புக்குள் ஓடும் விளம்பரத்தை எடுக்கும், வேறு ஆப்பில் கேட்கும் நேரலை வானொலிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

ஆகாசவாணிதான் வேண்டும் என்றால் இந்த வழிகாட்டியே தேவையில்லை. பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் நாடு முழுக்க உள்ள ஆகாசவாணி நிலையங்களை இலவசமாகக் கேட்கலாம். வர்த்தக ஒலிபரப்பில் வரும் விளம்பரம் அங்கேயும் வரும், அதை எடுக்கச் சந்தாவும் கிடையாது.

3. ஒரு வாரம் இலவசமாகவே ஓடவிட்டு டேட்டாவைக் கணக்குப் பாருங்கள்

அவசரப்பட்டு வருஷச் சந்தா எடுப்பவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டிவிடுகிறார்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அக்கா ஒருத்தர் மடியில் சொளவை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை ரேடியோ கேட்பவர். சந்தா எடுத்ததும் ஆப் தரத்தைத் தானாகவே உச்சிக்கு ஏற்றிவிட்டது. மத்தியானச் சோற்றுக்கு முன்பே அன்றைய டேட்டா காலி.

கணக்கு எளிது. 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 எம்பி போகும். 128 என்றால் 58 எம்பி. 320 என்றால் 144 எம்பி. பத்து மணி நேரம் கேட்கிறவருக்கு 320-ல் 1,440 எம்பி, அதாவது தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் வாட்ஸ்அப் பார்க்கக்கூட மிச்சம் இருக்காது. அதையே 64-ல் வைத்தால் 290 எம்பியோடு முடிந்துவிடும். பேச்சு நிகழ்ச்சிக்கும் போன் ஸ்பீக்கரில் கேட்கும் பழைய பாட்டுக்கும் 64 தாராளம். நல்ல ஹெட்போனோ ஹோம் தியேட்டரோ இருந்தால்தான் 320-க்குக் கொடுக்கும் காசு காதுக்குத் தெரியும்.

இந்த ஒரு வாரத்தில் இன்னொன்றும் தெரியும்: நீங்கள் கேட்கும் நிலையம் அந்த ஆப்பில் ஒழுங்காக ஓடுகிறதா என்று. கதம்ப ஆப்களில் நிலையத்தின் பெயர் இருக்கும், தொட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். நிலையம் தன் ஓடையின் முகவரியை மாற்றியிருக்கும், ஆப்காரர் கவனித்திருக்க மாட்டார். செத்துப்போன இணைப்பைச் சந்தா உயிர்ப்பிக்காது.

4. கணக்கு முதலில், பணம் அப்புறம்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஆப்புக்குள் பதிவு செய்யாமலே 'சந்தா' பொத்தானைத் தொட்டால் பல ஆப்கள் வாங்க விட்டுவிடும். அப்போது சந்தா ஒட்டிக்கொள்வது பிளே ஸ்டோரில் உள்ள கூகுள் கணக்கோடு மட்டும். உங்கள் போன் நம்பருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் அத்தை ஒருத்தர் போனில் இருந்தது ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அவர் மகனின் ஜிமெயில். மகன் லீவுக்கு வந்தபோது போட்டுக் கொடுத்தது. அத்தை சந்தா எடுத்தார், நாலு மாதம் கழித்துப் புதுப் போன் வாங்கினார், கடைக்காரப் பையன் புது ஜிமெயில் ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தான். சந்தா பழைய கணக்கோடு போய்விட்டது. ஆப்பில் விளம்பரம் திரும்பி வந்தது, பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

"ஏய்யா, போனையே மாத்திட்டேன், அவன் எப்படிய்யா எங்கிட்ட துட்டு எடுப்பான்?" என்றார் அத்தை. பணம் போனிலிருந்து போவதில்லை, வங்கிக்குக் கொடுத்த அனுமதியின் பேரில் போகிறது என்று புரியவைக்க ஒரு காப்பி குடிக்கும் நேரம் ஆனது.

அதனால் வரிசை இப்படி. முதலில் பிளே ஸ்டோரின் மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு எந்த மின்னஞ்சல் என்று பாருங்கள், உங்களுடையது இல்லையென்றால் மாற்றுங்கள். அடுத்து, ஆப்புக்குள் அதே மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி உள்ளே நுழையுங்கள். கடைசியாகத்தான் சந்தாப் பொத்தான். மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் அந்தத் துண்டுக் காகிதத்தின் பின்பக்கம் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் பையில் போட்டு வையுங்கள்.

5. எங்கே கட்டுவது, எதில் கட்டுவது

ஆப்புக்குள் கட்டினால் வரவு செலவு பிளே ஸ்டோர் வழியாக நடக்கும், ரூபாயில் விலை இருக்கும், யுபிஐ வேலை செய்யும், நிறுத்துவதும் அங்கேயே. நிலையத்தின் இணையதளத்தில் கட்டினால் சில நேரம் விலை குறைவாக இருக்கும், ஆனால் வெளிநாட்டுத் தளம் என்றால் டாலர். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஆப்பில் ஒரு தடவை, 'வரவில்லையே' என்று தளத்தில் மறுபடி ஒரு தடவை என்று இரண்டு சந்தா ஓடவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டாலரில் கட்டுவதாக இருந்தால் முதலில் வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்க வேண்டும். 2020-லிருந்து புதிதாக வரும் கார்டுகளில் ரிசர்வ் வங்கி விதிப்படி அது மூடியே இருக்கும். பலர் கார்டு கெட்டுப்போனதாக நினைத்து வங்கிக்குப் போய் வரிசையில் நிற்பது இதனால்தான். ரூபே கார்டைப் பல வெளிநாட்டுத் தளங்கள் எடுப்பதில்லை. செலாவணி மாற்றுக் கட்டணமும் உண்டு: வங்கி 3.5 சதவீதம் பிடித்தால் 1,000 ரூபாய் சந்தாவுக்கு 35 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 41 ரூபாய் சொச்சம் கூடும்.

யுபிஐயில் கட்டும்போது வருவது சாதாரணப் பணம் அனுப்பும் திரை இல்லை, ஆட்டோபே அனுமதித் திரை, அதாவது தவணை வரும்போதெல்லாம் பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ள நாம் கொடுக்கும் அனுமதி. அதில் 'இவ்வளவு ரூபாய் வரை' என்று சந்தாவை விடப் பெரிய தொகை இருக்கலாம். அது உச்ச வரம்பு, அவ்வளவையும் எடுக்கப் போவதில்லை. ஆனால் அடுத்த வருஷம் விலையைக் கூட்டினாலும் அந்த வரம்பைத் தாண்டாதவரை மறுபடி உங்கள் பின் நம்பரைக் கேட்க வேண்டிய அவசியமில்லை, அதையும் தெரிந்துகொண்டே போடுங்கள்.

ஒவ்வொரு தடவை பணம் பிடிப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வந்தாக வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே எடுத்துவிடலாம் என்பதால் அந்த எஸ்எம்எஸ் ஒன்றுதான் நமக்கு இருக்கும் எச்சரிக்கை. வங்கியில் பதிந்த நம்பர் டப்பா போனில் கிடந்தால் அதை யார் பார்ப்பது?

6. இலவசச் சோதனைக் காலம்

'7 நாள் இலவசம்' என்பதைத் தொட்டாலும் ஆட்டோபே அனுமதி கேட்கும். கொடுத்தால்தான் சோதனை தொடங்கும். எட்டாம் நாள் பணம் தானாகப் போகும்.

எங்கள் கடையில் தேதி கிழிக்கும் காலண்டர் தொங்குகிறது. சோதனை எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் முடியும் தேதிக்கு இரண்டு நாள் முந்திய தாளில் பெயரை எழுதி வைப்பேன். போனில் அலாரம் வைத்தால் அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள், தாளைக் கிழிக்கும்போது கண்ணில் பட்டே தீரும். ஐபோன்காரர்கள் குறைந்தது 24 மணி நேரம் முன்பே நிறுத்தியாக வேண்டும், அதனால் இரண்டு நாள் என்பது சரியான இடைவெளி.

பிளே ஸ்டோரில் சோதனையைத் தொடக்கத்திலேயே ரத்து செய்தாலும் பெரும்பாலும் கடைசி நாள் வரை கேட்கலாம். சில சேவைகளில் ரத்து செய்த நொடியே அடைபட்டுவிடும். ரத்துத் திரையில் எழுதியிருக்கும், படித்துவிட்டு அழுத்துங்கள்.

7. கட்டி முடித்ததும் சரிபாருங்கள்

ஆப்பை முழுசாக மூடி மறுபடி திறங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஓடை பழைய இலவச ஓடையாகவே இருக்கும், நிறுத்தித் தொடங்கினால்தான் புது ஓடைக்கு மாறும். அப்போதும் பட்டைப் படம் தெரிந்தால், அமைப்புகளில் 'வாங்கியதை மீட்டெடு' என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் நாலாம் படியில் சொன்ன கணக்குக் குழப்பம்தான். மறுபடி பணம் கட்டுவது மட்டும் கூடாது.

டிஐ.எஃப்எம் மாதிரி நிலையங்களில் இன்னொரு வசதி உண்டு. சந்தாதாரருக்கு ஒரு தனிக் குறியீடு தருவார்கள், ஓடையின் முகவரியின் வாலில் அது ஒட்டியிருக்கும். அந்த முகவரியை விஎல்சி போன்ற பிளேயரிலோ வைஃபை ரேடியோவிலோ போட்டால் ஆப் இல்லாமலே விளம்பரமின்றிக் கேட்கலாம். குறியீடு வீட்டுச் சாவி மாதிரி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பாட்டுகளுக்கு நடுவே ஒரே இசைத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறதா? பழுது இல்லை. நேரலை நிலையம் விளம்பர இடைவேளைக்குப் போகும்போது சந்தாதாரருக்கு அந்த இடத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டுமே, அதுதான் அது. விளம்பரமே பரவாயில்லை என்று ஒருத்தர் சந்தாவை நிறுத்தியதும் உண்டு.

8. கடையில் ஓடவிடுபவர்களுக்கு

டீக்கடை, சலூன், ஜவுளிக் கடைக்காரர்கள் கவனிக்க: இந்தச் சந்தாக்கள் அநேகமாக எல்லாமே தனி ஆள் கேட்பதற்கு. வாடிக்கையாளர் கேட்கும்படி பாட்டுப் போடுவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வேறு உரிமம் வேண்டும், பாட்டுக்கு உரிமையுள்ளவர்கள் சார்பில் ஐபிஆர்எஸ் (IPRS), பிபிஎல் (PPL) போன்ற அமைப்புகள் அதைத் தருகின்றன. வானொலிச் சந்தா ரசீதைக் காட்டினால் அது செல்லாது.

9. நிறுத்தும்போது

ஆப்பை அழிப்பது நிறுத்துவது ஆகாது. பத்தில் ஏழெட்டுப் பேர் அழித்துவிட்டு முடிந்தது என்றுதான் நினைக்கிறார்கள்.

பிளே ஸ்டோரில் மேல் மூலை வட்டம், அதில் பணம் செலுத்தலும் சந்தாக்களும், அதற்குள் சந்தாக்கள், ஆப்பின் பெயர், ரத்து. ஐபோனில் அமைப்புகளின் உச்சியில் உள்ள உங்கள் பெயர், அதற்குள் சந்தாக்கள். தளத்தில் கட்டியிருந்தால் தளத்தில் உள்ள உங்கள் கணக்குப் பக்கம். எங்கே கட்டினீர்களோ அங்கேதான் கதவு இருக்கும்.

ரத்து செய்த பின் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள். யுபிஐ அனுமதியை மட்டும் வெட்டினால் சந்தா கணக்கில் கொஞ்ச நாள் நின்றுகொண்டிருக்கும், பணம் கேட்டுச் செய்திகளும் வந்துகொண்டிருக்கும்.

அத்தை விஷயத்தில் ஷார்ஜாவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டோம். மகன் அங்கிருந்தே பழைய ஜிமெயிலில் நுழைந்து ரத்து செய்தான், நான் இங்கே அத்தையின் யுபிஐயில் அனுமதியை எடுத்தேன். மொத்தம் ஆறு நிமிஷம். புதுப் போனுக்கு மாறிய பிறகு வீணாய்ப் போன பணம் திரும்பவில்லை. இப்போது நியூஸ்ஆன்ஏரில் திருநெல்வேலி வானொலி கேட்கிறார், விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறார்.